கார் நம்பர் பிளேட் திருடு போனால்... ஸ்டிக்கர் கடைக்கு முன் ஸ்டேஷனுக்குப் போவது ஏன் முக்கியம்?

ராத்திரி தெருவில் நிறுத்திய கார் காலையில் பத்திரமாகத்தான் நிற்கிறது. கண்ணாடி உடையவில்லை, நாலு டயரும் இருக்கிறது. பின்னால் நம்பர் பிளேட் மட்டும் இல்லை. இந்த நிலையில் பலருக்கும் முதலில் தோன்றுவது, ‘நல்லவேளை, கார் தப்பிச்சுது. போற வழியில ஸ்டிக்கர் கடையில ஒரு பிளேட் அடிச்சுக்கலாம்’ என்பதுதான். அரை மணி நேரத்தில், சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

சிக்கல் அங்கிருந்துதான் ஆரம்பம். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரே எண்ணில் இரண்டு பிளேட்டுகள் ஊருக்குள் இருக்கும். உரிமையாளரின் காரில் இருப்பது கடையில் அடித்தது. யாரென்றே தெரியாதவரின் கையில் இருப்பது அசல். அது எங்கே போகிறது, எந்த வண்டியில் ஏறுகிறது, எந்த கேமராவில் சிக்குகிறது என்பது சலானோ போலீஸோ வீட்டுக்கு வரும்வரை தெரியாது.

அதனால் பிளேட் திருட்டில் புதியதை வாங்குவதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பழைய பிளேட் தன்னிடம் இல்லை என்பதை அரசின் பதிவேட்டில் ஏற்றுவதுதான் அது. அதை எப்படிச் செய்வது, புதிய பிளேட்டைச் சட்டப்படி எங்கே வாங்குவது, அடுத்த முறை திருட்டுப் போகாமல் எப்படித் தடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு தகரத் துண்டை ஏன் திருடுகிறார்கள்?

பிளேட்டைப் பழைய இரும்புக்குப் போட்டால் பெரிதாகக் காசு தேறாது. திருடுபவருக்குத் தேவை அதில் உள்ள எண்தான்.

சென்னை போன்ற நகரங்களின் சந்திப்புகளில் இப்போது நம்பர் பிளேட்டைத் தானாகவே படிக்கும் ஏ.என்.பி.ஆர். கேமராக்கள் இருக்கின்றன. சிக்னல் தாண்டினாலும் வேகம் மீறினாலும் கேமரா பார்ப்பது எண்ணை. ஓட்டியவர் யார் என்பது அடுத்த கேள்வி. எண் யாருடையதோ அவருக்கு சலான் போகும். அபராதத்திலிருந்து நழுவ நினைப்பவருக்கு அடுத்தவரின் எண் அதனால்தான் தேவைப்படுகிறது.

திருடிய காரை ஓட்டுபவருக்கும் அதேதான். காணாமல் போன காரின் எண்ணைப் போலீஸ் தேடும். அதே கம்பெனி, அதே மாடல், அதே நிறத்தில் உள்ள வேறொரு காரின் பிளேட்டை மாட்டிவிட்டால், சாலையில் நிறுத்தி எண்ணைத் தட்டிப் பார்த்தாலும் திரையில் எல்லாம் பொருந்திவரும்.

பெரிய குற்றங்களிலும் இந்த வழி பயன்பட்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் மும்பையில் முகேஷ் அம்பானி வீட்டருகே ஜெலட்டின் குச்சிகளுடன் ஒரு ஸ்கார்பியோ நின்றது. அதில் மாட்டியிருந்தது அந்த வண்டியின் சொந்த எண் இல்லை. அந்த வழக்கை விசாரித்த என்.ஐ.ஏ. அடுத்த மாதம் மித்தி ஆற்றில் ஆட்களை இறக்கித் தேடியபோது வெளியே எடுத்த பொருட்களில் நம்பர் பிளேட்டுகளும் இருந்தன.

எச்.எஸ்.ஆர்.பி. என்றால் என்ன? சாதா பிளேட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

எண்ணை வைத்து நடக்கும் இந்த மோசடியைத் தடுக்கத்தான் ‘உயர் பாதுகாப்பு பதிவெண் பலகை’, அதாவது எச்.எஸ்.ஆர்.பி. வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50-வது விதியில் 2001-ஆம் ஆண்டே இதற்கான திருத்தம் வந்துவிட்டது. மாநிலங்கள் இழுத்தடித்ததால் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2018 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு, கம்பெனியே டீலர் வழியாக இந்தப் பிளேட்டைக் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் அது.

இந்தப் பிளேட்டில் பார்க்க வேண்டியவை:

• ஒளியைப் பிரதிபலிக்கும் தாள் ஒட்டிய அலுமினியத் தகடு. எண்களும் எழுத்துகளும் புடைப்பாக அச்சாகியிருக்கும், விரலால் தடவினால் தெரியும்.

• இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் கொண்ட ஹாலோகிராம். அளவு 20 மி.மீ. × 20 மி.மீ.

• இடது ஓரத்தில் நீல நிறத்தில் ‘ஐ.என்.டி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள்.

• இடது கீழ்ப்பகுதியில் லேசரால் பொறித்த அடையாள எண். முன் பிளேட்டுக்கு ஒன்று, பின் பிளேட்டுக்கு இன்னொன்று.

• எழுத்துகளின் மேல் சாய்வாக ஓடும் ‘இந்தியா’ என்ற ஆங்கிலச் சொல்.

• ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத ‘ஸ்னாப் லாக்’.

கார்களுக்கு இதோடு முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் ஒரு ஸ்டிக்கரும் உண்டு. மூன்றாவது பதிவுப் பலகை என்பது இதுதான். பதிவு செய்த அலுவலகத்தின் பெயர், வண்டி எண், இரண்டு பிளேட்டுகளின் லேசர் எண்கள் எல்லாம் அதில் இருக்கும். பிய்த்தால் கிழிந்துவிடும். டீசல் வண்டி என்றால் ஆரஞ்சு, பெட்ரோல் மற்றும் சி.என்.ஜி. என்றால் வெளிர் நீலம், மற்றவற்றுக்குச் சாம்பல் நிறம்.

இவற்றில் முக்கியமானது லேசர் எண். வண்டி எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். லேசர் எண்ணோ ஒவ்வொரு தகட்டுக்கும் தனி. எந்த வண்டிக்கு எந்தத் தகடு என்பது அரசின் ‘வாகன்’ தரவுத்தளத்தில் பதிவாகிறது. புதிய பிளேட் வாங்கும்போது புதிய லேசர் எண் வந்துவிடும். அதன்பின் திருடு போன தகட்டில் வண்டி எண் சரியாக இருந்தாலும் லேசர் எண் பொருந்தாது. பழைய பிளேட்டைச் செல்லாக்காசு ஆக்குவது இதுதான். ஸ்டிக்கர் கடையில் அடிக்கும் பிளேட்டால் இந்த வேலை நடக்காது.

முதல் வேலை என்ன?

பிளேட்டைக் காணவில்லை என்று தெரிந்ததும் காரை நகர்த்தும் முன் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பிளேட் இருந்த இடம், உடைந்த லாக் அல்லது கழன்ற ஸ்க்ரூ, கார் நின்ற இடம், சுற்றியிருக்கும் கேமராக்கள் எல்லாமே அதில் வரட்டும். அப்பார்ட்மெண்ட் என்றால் செக்யூரிட்டியிடம் சொல்லி சி.சி.டி.வி. பதிவை உடனே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். பல இடங்களில் சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

அடுத்து, அந்தப் பகுதிக்குரிய காவல் நிலையம். புகாரில் இருக்க வேண்டியவை: வண்டி எண், கம்பெனி, மாடல், நிறம், இன்ஜின் மற்றும் சேஸிஸ் எண், காணாமல் போனது முன் பிளேட்டா, பின் பிளேட்டா அல்லது இரண்டுமா, அவற்றின் லேசர் எண், கடைசியாகப் பிளேட்டைப் பார்த்த நேரம், இல்லை என்று தெரிந்த நேரம். கடைசி இரண்டையும் விட்டுவிடக் கூடாது. அந்த நேரத்துக்குப் பிறகு அந்த எண்ணில் எங்கே என்ன நடந்தாலும், உரிமையாளரின் கையில் இருக்கும் முதல் ஆதாரம் இந்தப் புகார்தான்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கு எல்.டி.ஆர். எனும் அறிக்கை பெறும் வசதி உண்டு. அது ஆர்.சி., லைசென்ஸ், சான்றிதழ் போன்றவற்றுக்கானது. பிளேட் திருட்டுக்கு அதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ‘புகார் கொடுத்தாச்சு’ என்று இருந்துவிடக் கூடாது.

எஃப்.ஐ.ஆர். கிடைக்குமா, சி.எஸ்.ஆர். மட்டும்தானா?

நடைமுறையில் பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ‘ஒரு பிளேட்டுக்கு எஃப்.ஐ.ஆரா? சி.எஸ்.ஆர். தர்றோம், வாங்கிட்டுப் போங்க’ என்று ஸ்டேஷனில் சொல்லக்கூடும். அதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது.

2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான பிரிவு 303. திருடுபோன பொருளின் மதிப்பு ரூ.5,000-க்குக் கீழ் இருந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணைப்படி அது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கும் வகையில் வராது. தகவலைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவதுதான் முறை. முதல் முறை குற்றவாளி என்றால், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்த பின் சமூக சேவைதான் தண்டனை.

பிளேட்டின் விலையைப் பார்த்தால் இந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. உதாரணமாக, மகாராஷ்டிராவில் பழைய கார்களுக்கான எச்.எஸ்.ஆர்.பி. கட்டணம் ஜி.எஸ்.டி. நீங்கலாக ரூ.745. ஆக, சட்டத்தின் தராசில் இது சில்லறைத் திருட்டு. உரிமையாளருக்கோ பல லட்ச ரூபாய் காரின் அடையாளமே போயிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது?

ஒன்று, புகாரில் ‘பிளேட் திருடு போனது’ என்பதோடு நிறுத்தாமல், அந்த எண்ணை வேறு வண்டியில் மாட்டிக் குற்றத்துக்குப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்தையும் தெளிவாக எழுத வேண்டும்.

இரண்டு, வேறொரு வண்டி அந்த எண்ணில் ஓடுவதற்கான சலானோ போட்டோவோ ஏற்கெனவே கையில் இருந்தால் கட்டாயம் இணைக்க வேண்டும். அப்போது விஷயம் திருட்டோடு நிற்காது. ஏமாற்றுதல், போலியாகத் தயாரித்தல் என்று வேறு பிரிவுகளுக்குப் போகும்.

மூன்று, எஃப்.ஐ.ஆர். கிடைக்கவில்லை என்றாலும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. சி.எஸ்.ஆர். ரசீதை எண்ணும் தேதியுமாக வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றுப் பிளேட் கேட்கும்போது பொதுவாக எஃப்.ஐ.ஆர். நகல்தான் கேட்பார்கள் என்பதால், சி.எஸ்.ஆர். போதுமா என்று டீலரிடமோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

புதிய பிளேட்டைச் சட்டப்படி எங்கே வாங்குவது?

2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார் என்றால் முதல் கதவு டீலர்தான். கார் வாங்கிய ஷோரூம் மூடப்பட்டிருந்தால் அதே கம்பெனியின் வேறு அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கேட்கலாம். இந்திய வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான ‘சியாம்’ அமைப்பின் இணையதளத்திலும் எச்.எஸ்.ஆர்.பி. முன்பதிவுக்கான வழி இருக்கிறது. கம்பெனியையும் மாநிலத்தையும் தேர்ந்தெடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட தளத்துக்கே அது கொண்டுபோய் விடும். அங்கே ‘புதிய பிளேட்’ வேறு, ‘மாற்றுப் பிளேட்’ வேறு. திருடு போயிருந்தாலும் உடைந்திருந்தாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆர்.சி., இன்ஜின் மற்றும் சேஸிஸ் எண், காணாமல் போயிருந்தால் போலீஸ் புகார் ஆவணம், உடைந்திருந்தால் பிளேட்டின் போட்டோ, மிஞ்சியிருக்கும் பிளேட்டின் லேசர் எண். ஒரு பிளேட் மட்டும் போயிருந்தாலும் கண்ணாடி ஸ்டிக்கரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பழைய ஸ்டிக்கரில் இருப்பது காணாமல் போன பிளேட்டின் லேசர் எண்.

உடைந்த பிளேட் என்றால் இன்னொரு நிபந்தனை உண்டு. பழையதை ஒப்படைத்து, அது அழிக்கப்பட்டதை உறுதி செய்த பிறகே புதியதைத் தர வேண்டும் என்று எச்.எஸ்.ஆர்.பி. குறித்த 2001-ஆம் ஆண்டு உத்தரவு சொல்கிறது. ‘பழசு வீட்டுலயே கிடக்கட்டும்’ என்று எடுத்துவரக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி நம்ம ஊரில் மட்டும்தானா என்றால், இல்லை. பிரிட்டனில் பிளேட் தயாரித்துத் தரும் கடைகளே அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்க வருபவர் தன் அடையாள ஆவணத்தையும் வண்டிக்கான ஆவணத்தையும் காட்டினால்தான் பிளேட் கிடைக்கும்.

2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள்? இவற்றுக்கு எச்.எஸ்.ஆர்.பி.யைக் கட்டாயமாக்குவதில் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுகிறது. டெல்லி, கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்றவை கெடு விதித்தன. கர்நாடகத்தில் 2023 நவம்பர் 17 என்று வைத்த கெடு பலமுறை நீண்டது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு கே.ஏ. பதிவெண் கார் வைத்திருக்கும் தமிழர்கள், வண்டி எந்த மாநிலத்தில் பதிவானதோ அந்த மாநிலத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பழைய கார் என்றால், முன்பதிவுத் தளத்தில் தங்கள் கம்பெனிக்கு வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே சரி.

போலித் தளங்கள் ஜாக்கிரதை

மாநிலங்கள் கெடு விதிக்கும்போதெல்லாம் எச்.எஸ்.ஆர்.பி. பெயரில் போலித் தளங்களும் முளைக்கின்றன. தேடலில் மேலே வரும் விளம்பர லிங்க், வாட்ஸ்அப்பில் வரும் க்யூ.ஆர். கோடு, ‘இன்னைக்கே புக் பண்ணா பாதி விலை’ என்ற மெசேஜ் மூன்றையும் தொடாமல் இருப்பது நல்லது.

அசல் முன்பதிவில் வண்டி எண்ணோடு சேஸிஸ், இன்ஜின் எண்களையும் கேட்டு, அவை வாகன் தரவோடு பொருந்துகிறதா என்று சரிபார்ப்பார்கள். எதையும் சரிபார்க்காமல் நேராகப் பணம் கட்டும் பக்கத்துக்குத் தாவினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடிதான். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஆன்லைன் கடைகளில் ‘ஐ.என்.டி.’ ஸ்டிக்கரும் ஹாலோகிராமும் ஒட்டிய பிளேட்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பார்க்க எச்.எஸ்.ஆர்.பி. மாதிரியே இருக்கும். வாகன் தரவுத்தளத்தில் அதற்கு இடமில்லை என்பதால், அது அழகான ஒரு சாதா பிளேட், அவ்வளவுதான்.

பிளேட் வரும்வரை காரை எடுக்கலாமா?

விதிப்படி பதிவெண் காட்டாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு. புகார் ரசீதும் முன்பதிவு ரசீதும் இருந்தால் நடந்ததை விளக்கலாம். ஆனால் அவை பிளேட்டுக்கு மாற்று ஆகாது. முடிந்தவரை காரை நிறுத்திவைத்துவிட்டு மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போவதே பாதுகாப்பு. டீலரிடம் பிளேட் மாட்ட எடுத்துப் போக வேண்டிய நாளில் எல்லா ஆவணங்களும் கையில் இருக்கட்டும்.

பிளேட் விதிமீறலுக்குப் பொதுவாகப் பயன்படும் 177-வது பிரிவில் அபராதம் முதல் முறை ரூ.500, மீண்டும் சிக்கினால் ரூ.1,500. 2024 மே மாதம் சென்னை போக்குவரத்து போலீஸார் வண்டிகளில் ‘போலீஸ்’, ‘பிரஸ்’ என்று ஒட்டுபவர்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது, குறைபாடுள்ள நம்பர் பிளேட்டுகளையும் சேர்த்தே பார்த்தார்கள்.

போகாத ஊரிலிருந்து சலான் வந்தால்?

கார் வேளச்சேரியில் நிற்கிறது, சலான் சேலத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஐநூறு ரூபாய்தானே, கட்டித் தொலைப்போம்’ என்று கட்டிவிடக் கூடாது. கட்டினால் அந்த வண்டி தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

முதலில் இ-சலான் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் போட்டோவை எடுக்க வேண்டும். கேமரா வழிப் பதிவுகளில் இடம், தேதி, நேரம் இருக்க வேண்டும் என்றும், அறிவிப்பு 15 நாட்களுக்குள் வர வேண்டும் என்றும் 2021 ஆகஸ்ட்டில் வெளியான மத்திய அரசின் விதி சொல்கிறது. போட்டோவில் உள்ள வண்டியையும் சொந்தக் காரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அலாய் வீல், பம்பரில் உள்ள கீறல், பின் கண்ணாடி ஸ்டிக்கர், பிளேட்டின் எழுத்து வடிவம் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும்.

அந்த நேரத்தில் கார் வேறு இடத்தில் இருந்ததற்கு ஃபாஸ்டேக் கணக்கு விவரம், ஆபீஸ் பார்க்கிங் பதிவு, சர்வீஸ் ரசீது, போனின் லொகேஷன் பதிவு எல்லாம் உதவும். இவற்றையும் புகார் நகலையும் இணைத்து இ-சலான் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் பதிவு செய்யலாம். வழக்கு வெர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அபராதத்தை ஏற்பதா, எதிர்ப்பதா என்ற இரண்டு வாய்ப்பில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதெல்லாம் நடக்க சலான் வந்தது தெரிய வேண்டுமே! ஆர்.சி.யில் பழைய போன் நம்பர் இருந்தால் எஸ்.எம்.எஸ். வேறு யாருக்கோ போகும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்களில் இது சகஜம். பரிவாகன் தளத்தில் மொபைல் எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது.

திருட்டைத் தடுக்க என்ன செய்யலாம்?

• ஸ்னாப் லாக் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்பர் வேலைக்கு விட்ட கார்களில் மெக்கானிக் லாக்கை உடைத்துப் பிளேட்டைக் கழற்றிவிட்டு, திரும்ப சாதா ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பார். அதன்பின் அதைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். வண்டியை டெலிவரி எடுக்கும்போதே பார்த்து, புது லாக் போடச் சொல்ல வேண்டும்.

• சாதா பிளேட் உள்ள பழைய கார் என்றால், முடுக்க மட்டும் முடிகிற, திருப்பிக் கழற்ற முடியாத ‘ஒன் வே’ ஸ்க்ரூ போடலாம்.

• இரவில் நிறுத்தும்போது பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். கை நுழைய இடமில்லாத இடத்தில் பிளேட்டைக் கழற்றுவது கஷ்டம். வெளிச்சமும் கேமராவும் உள்ள இடம் என்றால் இன்னும் நல்லது.

• முன், பின் பிளேட்டுகள், கண்ணாடி ஸ்டிக்கர் மூன்றையும் லேசர் எண் தெரியும்படி இன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். காணாமல் போன பிறகு அதன் லேசர் எண்ணைத் தேடி அலைவது பெரிய தொல்லை.

• எண்ணை நகலெடுக்கத் திருடக்கூட வேண்டாம், ஒரு போட்டோ போதும். புது கார் டெலிவரி போட்டோவை இன்ஸ்டாவில் போடும்போதும், விற்பனைத் தளத்தில் காரை ஏற்றும்போதும் பிளேட்டை மறைத்துவிடலாம்.

• பழைய காரைக் காயலான் கடையில் பிளேட்டோடு தள்ளிவிடக் கூடாது. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். செத்துப்போன காரின் எண்ணும் இன்னொரு வண்டியில் உயிரோடு ஓடலாம்.

அடிக்கடி வரும் சில கேள்விகள்

பிளேட்டில் எண்ணைத் தமிழில் எழுதலாமா?

50-வது விதிப்படி எழுத்துகள் ஆங்கிலத்திலும் எண்கள் வழக்கமான 1, 2, 3 வடிவிலும் இருக்க வேண்டும். ஃபேன்சி எழுத்து, தலைவர் படம், கட்சிக் கொடி எதற்கும் இடமில்லை. கார் என்றால் எழுத்தின் உயரம் 65 மி.மீ., தடிமனும் இடைவெளியும் தலா 10 மி.மீ.

பிளேட்டின் நிறம்?

சொந்தக் காருக்கு வெள்ளையில் கறுப்பு, டாக்ஸிக்கு மஞ்சளில் கறுப்பு, சொந்த எலெக்ட்ரிக் காருக்குப் பச்சையில் வெள்ளை. மாற்றுப் பிளேட் வந்ததும் எண்ணோடு இதையும் சரிபார்க்க வேண்டும்.

முன் பிளேட் மட்டும் போயிருந்தால் புகார் தேவையா?

தேவை. ஒரு தகடு போனாலும் எண் போனதுதான்.

புது பிளேட் மாட்டிய பிறகு பழையது கிடைத்துவிட்டால்?

சந்தோஷத்தில் அதை மாட்டவும் கூடாது, பரணில் போடவும் கூடாது. அதன் லேசர் எண் இப்போது அந்தக் காருக்குரியது அல்ல. புகார் கொடுத்த ஸ்டேஷனில் பிளேட் கிடைத்ததை எழுதிக்கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து, அதற்கும் ஒரு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ரசீது கைக்கு வந்த பிறகு அந்தத் தகடு யாருக்கும் பயன்படாது.